வரிசைக்குப் பக்கத்தில் காய்த்த மரம்

மரத்துக்குப் பேச வாயும், அதை நின்று கேட்கக் குரங்குக்குப் பொறுமையும் இருந்த காலம் ஒன்று உண்டு. இப்போது இரண்டும் போய்விட்டன. எந்த மரம் எந்த நாட்டுக்கு என்று அப்போது பாகம் பிரிக்கவில்லை. மா, பலா, கொய்யா, கோகோ எல்லாமே ஒரே காட்டில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. கோகோ என்றால் தெரியும்தானே? சாக்லேட்டுக்குக் கொட்டை தருகிறதே, அந்த மரம்தான்.

அந்தக் காட்டில் நடந்தது முழுக்க முழுக்க வியாபாரம். மரம் பழம் தரும். தின்றவர் அதன் கொட்டையைக் கொண்டுபோய் வேறு எங்காவது போடவேண்டும். அவ்வளவுதான் விலை. விழுந்த இடத்தில் கன்று முளைத்தால் மரத்துக்கு லாபம். சட்டம் ஒன்றும் இருந்தது. ஏழாவது மழைக்காலம் முடிவதற்குள் ஒரு கன்றாவது முளைக்காத மரத்தை, காட்டுக்குப் பெரியவரான யானை வந்து வேரோடு பிடுங்கிவிடுவார். அந்த இடம் மூங்கிலுக்குப் போகும். மூங்கிலுக்கு எப்போதும் அடுத்தவர் இடத்தின் மேல்தான் கண்.

நம் கோகோவுக்கு ஆறு மழை முடிந்திருந்தது. ஒரு கன்றுகூட இல்லை.

சரக்கில் குற்றம் சொல்ல முடியாது. தோலை உடைத்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று சதை, புளிப்பும் இனிப்புமாக நாக்கில் வழுக்கிக்கொண்டு போகும். கொட்டை மட்டும் கடும் கசப்பு. அது அவள் தெரிந்தே செய்த ஏற்பாடு. கொட்டையையும் சேர்த்து மென்றுவிட்டால் கன்று எங்கிருந்து வரும்? ஆனால் எல்லா மரத்தையும் போல அவளும் கிளை நுனியில்தான் காய்த்தாள். ஆளோ குட்டை. மேலே பெரிய மரங்களின் நிழல், சுற்றிலும் அகல அகலமாக அவளுடைய இலைகளே. பழுத்தாலும் காய் கீழே விழாது, மணமும் வீசாது. அங்கே ஒரு கடை இருப்பதே யாருக்கும் தெரியவில்லை.

பத்தடி தள்ளி மாமரம் நின்றது. அதன் மணம் காற்றில் கிளம்பினால் போதும், பாதிக் காடு ஓடிவரும். கூட்டம் முண்டியடிக்கும் என்பதால் பெரியவரே வரிசை கட்ட வைத்திருந்தார். அந்த வரிசை வளைந்து வளைந்து கோகோவின் அடிமரத்தை உரசிக்கொண்டுதான் போகும். நம் கடை வாசலில் நின்றுகொண்டு அடுத்த கடைச் சரக்குக்குக் காத்திருக்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

"அக்கா, இப்படியே நின்னா உங்களைப் பிடுங்கிப் போட்டுருவாங்க. என்கிட்ட விடுங்க" என்று வந்து உட்கார்ந்தது பச்சைநாயகி என்ற கிளி. "நான் ஒரு கூவு கூவினா கூட்டம் அள்ளும். எனக்குக் கூலியெல்லாம் வேண்டாமுங்க, பேச ஒரு கிளை குடுத்தாப் போதும்."

மறுநாள் விடிந்ததும் பச்சைநாயகி ஆரம்பித்தது. "வாங்க வாங்க! சதை தேனுங்க, கொட்டை கற்கண்டுங்க! ஒண்ணு தின்னா ஒரு வாரம் பசிக்காதுங்க, ரெண்டு தின்னா கிழவனும் குமரனாயிருவானுங்க!"

கூட்டம் வந்தது, அதில் சந்தேகமே இல்லை. முதலில் மேலேறியது பூவாத்தா. ஏழு பிள்ளை பெற்ற குரங்கு, காட்டில் அவள் வாய்க்கு எல்லாரும் பயப்படுவார்கள். கொட்டை கற்கண்டு என்று சொன்னதைக் கேட்டதும் அவள் சதையை ஒதுக்கிவிட்டு நேரே கொட்டையைக் கடித்தாள். முகம் எட்டுக் கோணலாகிவிட்டது.

"ஏனுங்க, இதுவா கற்கண்டு?" என்று காறித் துப்பினாள். "எட்டிக்காயைத் தின்னுபோட்டு எச்சிலைக் குடிச்சாப்பல இருக்குது. இனி என் வம்சமே இந்தப் பக்கம் திரும்பாது, பாத்துக்கங்க."

சொன்னதைச் செய்கிறவள் பூவாத்தா. சாயங்காலத்துக்குள் காடு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. நல்ல பேர் எடுக்க நாலு வருஷம் ஆகும், கெட்ட பேருக்கு ஒரு குரங்கு போதும். கோகோவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"பச்சைநாயகி, போதும் சாமி, வாயை மூடு. இல்லாததைச் சொல்லி இருக்கிறதையும் கெடுத்துட்டே" என்றாள்.

அதன்பிறகு அவள் யாரையும் கூப்பிடவில்லை. வேறு வேலை இல்லாததால் வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு மாதம். அப்போதுதான் அந்த விஷயம் அவள் கண்ணில் பட்டது. வரிசையில் நிற்கிற யாரும் தலையை நிமிர்த்தி மேலே பார்ப்பதில்லை. முன்னால் இருப்பவரின் முதுகைப் பார்க்கிறார்கள், பக்கத்தில் இருப்பதைப் பார்க்கிறார்கள். கை மட்டும் சும்மா இருப்பதே இல்லை. கரடி அவள் பட்டையைச் சுரண்டியது. அணில் பாசியைக் கிள்ளியது. பூவாத்தாவே, இந்தப் பக்கம் திரும்பமாட்டேன் என்று சத்தியம் செய்தவள், தன் முறை வருகிற வரைக்கும் கோகோவின் பட்டையைத்தான் உரித்துக்கொண்டு நின்றாள்.

கோகோவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆறு மழையாக வாடிக்கையாளர் மேலே ஏறி வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தோமே, கடையைக் கீழே இறக்கினால் என்ன? காத்திருக்கிற கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டால் கூப்பிடவே வேண்டாமே?

நினைத்தது சரி, செய்வது எப்படி? தளிரில்தான் பூ வரும். மரப்பட்டையில் பூப்பது என்பது முழங்காலில் மீசை வைக்கிற மாதிரி. பலாவும் உடம்பில்தானே காய்க்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அந்த அம்மாள் கனம் தாங்காமல் செய்த காரியம் அது, யோசித்துச் செய்ததில்லை. கோகோ யோசித்துச் செய்தாள். கிளை நுனிக்கு ஏறுகிற சாற்றையெல்லாம் பிடித்து நிறுத்தி, கீழே தள்ளினாள். பட்டை விண்விண்ணென்று வலித்தது. மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நாலாம் நாள் காலையில் பட்டை பிளந்து, இடுப்பில் ஒன்று, முழங்கால் உயரத்தில் ஒன்று என்று குண்டூசித் தலை அளவுக்கு மொட்டுகள் வெடித்துக்கொண்டு வந்தன.

"என்னடி இது, உடம்பெல்லாம் கொப்புளம்?" என்றது மாமரம். "மானத்தை வாங்காதே. பூவைத் தலையில வெக்கோணும், தொடையில வெக்கக்கூடாது."

"உங்களுக்கு மணம் இருக்குதுங்க அக்கா. எனக்கு இடம்தான் இருக்குது" என்றாள் கோகோ.

ஐந்து மாதத்தில் பூ காயாகி, காய் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியது. அந்த நிழலில் அந்த மஞ்சள் விளக்கேற்றி வைத்தது போலப் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் வாய்ச்செய்தி லேசில் சாகுமா? கரடி ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது பூவாத்தா சொன்ன அந்தக் கசப்புப் பழமாச்சே" என்று விட்டுவிட்டது. அணில் மோந்து பார்த்துவிட்டுப் போனது. மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. ஏழாவது மழை. பெரியவர் அவள் அடிமரத்தைத் தும்பிக்கையால் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டும் போனார்.

மாம்பழப் பருவத்தின் கடைசி நாள் வந்தது. வரிசை அன்றைக்கு நகரவே இல்லை. பூவாத்தா நடுவில் நின்றாள், இடுப்பில் கடைக்குட்டி பொன்னான். அவன் முகத்துக்கு நேரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், மஞ்சளாக ஒரு பழம் தொங்கியது. பொன்னான் கையை நீட்டினான்.

"தொடாதே கண்ணு, அது ச்சீ" என்று பூவாத்தா கையைத் தட்டிவிட்டாள்.

பொன்னான் மறுபடி நீட்டினான். மறுபடி தட்டினாள். அவன் வாயைக் கோணினான், மூச்சை இழுத்தான், பிறகு ஒரு அலறல் அலறினான் பாருங்கள், மாம்பழக் காம்பே ஆடியது. வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. கரடி உச்சுக்கொட்டியது. பொன்னான் இடுப்பிலிருந்து வழுகித் தரையில் விழுந்து உருண்டான்.

"அந்தப் பிள்ளைக்கு என்னமோ வேணுமாம், குடுத்துத் தொலையம்மா. காது போகுது" என்றார் வரிசையை ஒழுங்கு பார்த்துக்கொண்டிருந்த பெரியவர்.

காட்டையே வாயால் ஆண்ட பூவாத்தாவுக்கு நாலு பேர் முன்னால் முகம் சிவந்துவிட்டது. கோகோ மூச்சைப் பிடித்துக்கொண்டாள். இலைகூட அசைக்கவில்லை. பூவாத்தா வெடுக்கென்று பழத்தைத் திருகி, கோகோவின் உடம்பிலேயே ஓங்கி அடித்து உடைத்தாள்.

"இந்தா, தின்னு. கசக்குதுன்னு மட்டும் அழுதே, தோலை உரிச்சிருவேன்."

பொன்னானுக்குப் பல் இன்னும் சரியாக முளைக்கவில்லை. அவன் எங்கே கடிப்பது? சதையைச் சப்பினான். அழுகை சட்டென்று நின்றது. சப்பிய கொட்டையைத் துப்பினான், அடுத்ததை வாயில் போட்டான். அம்மாக்காரி சந்தேகமாகப் பார்த்தாள். பிள்ளை தின்பதில் விஷம் இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். இன்னொன்றும் போட்டாள்.

"கொட்டையைக் கடிக்காம சப்பினா தேவலைங்க" என்று பின்னால் நின்ற கரடியிடம் மெதுவாகச் சொன்னாள்.

அது போதாதா? மாம்பழம் தீர்வதற்குள் கோகோவின் உடம்பில் ஒரு பழம் மிச்சமில்லை. சப்பிக்கொண்டே நடந்தார்கள், நடந்துகொண்டே துப்பினார்கள். அன்றிரவு மழை பிடித்தது, பத்து நாள் விடவில்லை.

மழை விட்டதும் பெரியவர் வந்தார். மூங்கில் கூடவே ஒரு முளையை நீட்டி இடம் பார்த்து வைத்திருந்தது. கோகோ கண்ணை மூடிக்கொண்டாள். காலடிச் சத்தம் வந்தது, வந்தது, பிறகு நின்றுவிட்டது. கண்ணைத் திறந்து பார்த்தால் பெரியவர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். கீழே வைக்க அவருக்கு இடமில்லை. பாதை நெடுக, வரிசை போன வளைவெல்லாம், இரண்டு இலை விட்ட கோகோக் கன்றுகள்.

"அம்மணி, நான் எந்தப் பக்கம் திரும்பிப் போறது?" என்றார் பெரியவர்.

கோகோவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அன்று தொட்டுத்தான் கோகோ மரம் கிளை நுனியை நம்புவதை விட்டுவிட்டு உடம்பிலேயே காய்க்கிறது. அந்த மரத்தின் வியாபாரத் தந்திரம் அதன் கொட்டையோடு சேர்ந்து கடைக்கும் வந்துவிட்டது. பாருங்கள், அரிசியும் பருப்பும் உள்ளே எங்கேயோ அடுக்கியிருக்கும், சாக்லேட் மட்டும் பில் போடுகிற இடத்தில், வரிசையில் நிற்கிற அம்மாவின் இடுப்புக் குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில் தொங்கும். "அது ச்சீ, தொடாதே" என்று சொல்கிற அம்மாதான் வீட்டுக்குப் போகிற வழியில் அதில் பாதியைத் தின்றுவிடுகிறாள்.