பால் மட்டும் காய்ச்சிய வீடு

மடத்துச் சாமிக்கு நாற்பத்தைந்து வயது. அவருடைய சீடர் மாசிலாமணிக்கு அறுபத்து மூன்று. முசிறியில் சிலர் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். மாசிலாமணி கண்டுகொள்ள மாட்டார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற நாளிலிருந்து வியாழக்கிழமை தவறாமல் மடத்துக்கு வந்து உட்காருகிறவர்.

அன்று செவ்வாய்க்கிழமை. காலையிலேயே வந்து நின்றார். சட்டையெல்லாம் சிமென்டுத் தூள்.

“சாமி, நல்ல நாள் ஒண்ணு பார்த்துச் சொல்லணும். கிரகப்பிரவேசம் வைக்கணும்.”

“நீங்க குடிபோய் ஒன்பது வருஷம் ஆச்சே அய்யா?”

“அப்ப பால் மட்டும்தான் சாமி காய்ச்சினோம்.”

நடந்தது இதுதான். சுவரும் கூரையும் முடிந்த கையோடு வீட்டை எடுத்துக்கொண்டால் ஒரு விலை, தரை போட்டு, பெயின்ட் அடித்து, கதவெல்லாம் மாட்டித் தந்தால் வேறு விலை என்றார் வீடு கட்டிய மேஸ்திரி. மாசிலாமணி மலிவான பக்கம் சாய்ந்தார். மிச்ச வேலையை ஞாயிற்றுக்கிழமைகளில் தன் கையாலேயே முடித்துவிடலாம், ஆறு மாதம் போதும் என்று நினைத்தார். அதைக் குற்றம் சொல்ல முடியாது. அப்படி முடித்துவிட்டுச் சுகமாக இருக்கிறவர்கள் எத்தனையோ பேர்.

அவர் செய்த பிசகு வேறு. அரைகுறை வீட்டைச் சொந்தக்காரர்கள் பார்த்தால் மானம் போய்விடும் என்று, ஒருவரையும் அழைக்காமல் பாலைக் காய்ச்சிக் குடியேறினார். “எல்லாம் முடியட்டும், அப்புறம் பத்திரிகை அடிச்சு ஊரையே கூப்பிடுவோம்,” என்று மனைவி அஞ்சுகத்திடம் சொன்னார். அவளும் நம்பினாள், பாவம்.

அந்த ‘அப்புறம்’ வந்தபாடில்லை. டைல்ஸ் விலை இறங்கட்டும் என்று ஒரு வருடம் போனது. முட்டிவலி என்று ஒரு வருடம். பிறகு காரணமே இல்லாமல் வருடங்கள் போயின. அழைக்காத வீட்டு வாசலை மிதிக்கச் சொந்தக்காரர்களுக்கு ரோஷம். கரூரில் இருக்கும் அஞ்சுகத்தின் தங்கை முத்தழகு, புது வீட்டுக்கு எங்களைக் கூப்பிட மனசு வரலை என்று மூக்கைச் சிந்தியவள், இந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

இப்போது அஞ்சுகத்துக்கு ஈரலில் புற்று. இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று மாசிலாமணிக்குத் தெரியும். தெரிந்ததால்தான் நாலு ஆட்களை வேலைக்கு விட்டிருந்தார்.

“வேலை எத்தனை நாள் பாக்கி இருக்கு?” என்று கேட்டார் சாமி.

“இருபது நாள்ல முடிச்சிருவாங்க.”

“டாக்டர் எத்தனை நாள் சொன்னார்?”

மாசிலாமணி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். சாமி செருப்பை மாட்டினார்.

“நடங்க, உங்க வீட்டுக்குப் போவோம்.”

வீட்டுக்குள் டைல்ஸ் அறுக்கும் மெஷின் காதைக் கிழித்தது. எங்கே பார்த்தாலும் வெள்ளைத் தூசி. பின்னறையில் கதவு மாட்டாத நிலைச்சட்டத்தில் பழைய போர்வை தொங்கியது. கட்டிலில் அஞ்சுகம் புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு கிடந்தாள். சாமியைப் பார்த்ததும் தலைப்பை விலக்கினாள். உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

“பத்து நாளா இப்படித்தான் ஏதோ சொல்றா சாமி,” என்று சத்தத்துக்கு மேல் கத்தினார் மாசிலாமணி. “காதுல விழ மாட்டேங்குது. தண்ணி கேக்குறாளோன்னு குடுப்பேன். குடிச்சுக்குவா.”

சாமி கூடத்துக்குப் போய் மெஷினின் வயரைப் பிடுங்கினார். “போய் டீ குடிங்கப்பா,” என்று ஆட்களை அனுப்பிவிட்டு, திரும்பி வந்து கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார்.

“இப்பச் சொல்லுங்கம்மா.”

“முத்தழகு வரணும் சாமி.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “வாசல்ல நின்னு, வாடின்னு அவளக் கூப்பிடணும். இந்த வீட்டுக்கு வந்து நான் ஒருத்தரையும் வாங்கன்னு சொன்னதே இல்ல.”

ஒன்பது வருடம். பால்காரர் வந்தார், சிலிண்டர்காரர் வந்தார், மீட்டர் பார்க்கிறவர் வந்தார். வாங்க என்று சொல்லி உட்கார வைக்க ஒருவரும் வரவில்லை. இதைக் கேட்டுக்கொண்டு நின்ற மனிதருக்கு நெஞ்சு வெடிக்காதது ஆச்சரியம்தான்.

“நிக்க முடியுமாம்மா?”

“போன மாசம் முடிஞ்சுது. இப்ப யாராவது பிடிச்சா உக்காருவேன். அடுத்த வாரம் தெரியல.”

மாசிலாமணி சாமியை வாசலுக்குக் கூட்டி வந்தார்.

“இப்ப அவ வந்தா என்ன சொல்லுவா சாமி? எங்கக்காவ இந்தத் தூசியிலயா போட்டு வெச்சிருக்கீங்கன்னு என் மூஞ்சியில காறித் துப்புவா. தரை மட்டும் முடியட்டும். அப்புறம் நானே கார் வெச்சுக் கூட்டிட்டு வந்திர்றேன்.”

சாமி படியில் உட்கார்ந்தார்.

“இப்பக் கூப்பிடலேன்னா அவங்க வர மாட்டாங்களா?”

“ரோஷக்காரி சாமி. கூப்பிடாம வரவே மாட்டா.”

“வருவாங்க,” என்றார் சாமி. “கூப்பிடாமலே எல்லாரும் வர்ற நாள் ஒண்ணு இருக்கு அய்யா. உங்க தரையை யாரும் குனிஞ்சு பார்க்கப் போறதில்ல. ஆனா அன்னைக்கு, வர்றவங்கள வாங்கன்னு சொல்லக் கூடாது.”