வாசலில் நின்ற பல் வைத்தியர்

கைத்தொழில்காரர்கள் ஒவ்வொருவராக வெளியூர் போவதைக் கண்டு கருவேலம்பட்டி ஜமீன்தாருக்குக் கோபம். "தொழில் தெரிந்த எவரும் இனி கோட்டை வாசலைத் தாண்டக் கூடாது!" என்று காவல்காரி உலகம்மாளுக்கு உத்தரவு போட்டார். சாயத்தொழில் கற்கப் பட்டணம் புறப்படவிருந்த அவள் மகள், நெசவுக்காரி வடிவு, அழுதாள்.

அந்த வாரமே ஜமீன்தாருக்குப் பல்வலி. வந்த வெளியூர் வைத்தியர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஏன்டி அவரைத் தடுத்தே?"

"நான் தடுக்கல எசமான். தொழில் தெரிஞ்சவராச்சே, உள்ளே வந்தா திரும்ப முடியாதுன்னு உங்க உத்தரவைச் சொன்னேன். பயந்துட்டாரு."

ஜமீன்தார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அலறினார். "கதவைத் திறடி!"

"வர்றவருக்கு மட்டுமா, போறவங்களுக்குமா?"

"எல்லாருக்கும்தான்!"

வைத்தியர் உள்ளே வந்தார். வடிவு பட்டணம் போனாள். தொழில் கற்றுத் திரும்பும்போது, "எப்போ வேணும்னாலும் போகலாம், தைரியமா வாங்க" என்று சொல்லியே நான்கு நெசவாளர் குடும்பங்களைக் கூட்டி வந்தாள்.