சுல்தானைப் பழக்கின வேலப்பன்

ஒரு ஊர்ல ஒரு வாய்ச்சவடால்காரன் இருந்தான். பேரு வேலப்பன். ஆபீசுல முப்பது வருஷம் ஆளுங்களை அதட்டியே சம்பளம் வாங்கினவன். ரிட்டயரானதும் அதட்ட ஆளில்லை. உடனே போய் ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிட்டு வந்தான். உள்ளங்கை அகலந்தான் இருக்கும். அதுக்குப் பேரு சுல்தானாம், கூத்தைக் கேட்டியா!

ம் கொட்டிக்கிட்டே கேளு. ஆங், அப்படித்தான்.

"பச்சைக்குட்டிங்க அது"ன்னா பொண்டாட்டி நாகரத்தினம்.

"உனக்கென்ன தெரியும்? ஒரே வாரம். நான் சொன்னதைக் கேக்கும் பாரு."

அப்புறம் முதல் நாள், "உக்காரு!"ன்னு கத்தினான். அது பயந்துபோய் சொர்ர்னு அவன் கால்லயே மூத்திரம் போயிடுச்சு. ரெண்டாம் நாள், "நில்லு!"ன்னான். குடுகுடுன்னு கட்டிலுக்கடியில ஓடிடுச்சு. பெரிய ஆபீசரு, குனிஞ்சு கட்டிலுக்கடியில உத்தரவு போடுறாரு!

மூணாம் நாள், "வா!"ன்னான். பாவம், வாலை ஆட்டிக்கிட்டு வந்துச்சு. வந்ததை 'பளீர்'னு ஒரு அடி. ஏன்? காலையில செருப்பைக் கடிச்சுதாம். வந்ததுக்கு அடிச்சா மறுபடி எது வரும், சொல்லு? அந்த அறிவு அவனுக்கு இல்லை.

ம்.

ஏழாம் நாள் வாசல் கேட்டு திறந்து கிடந்துச்சு. குட்டி நேரா ரோட்டுக்குப் போயிடுச்சு. அந்தப் பக்கம் லாரி வருது, பாம் பாம்னு. வேலப்பன் கேட்டுக்குப் பாய்ஞ்சான். "சுல்தான், வா! வாடா!"ன்னு தொண்டை கிழியக் கத்துறான். அவன் கத்தக் கத்த அது பின்னாலயே போகுது, நடுரோட்டுக்கு.

நாகரத்தினம் ஓடி வந்தா. "வாயை மூடுங்க!"ன்னு ஒரு போடு போட்டா. கல்யாணமாகி அப்படி ஒரு சத்தம் அவன் கேட்டதே இல்லை. கப்சிப்!

அவ ரோட்டோரம் மண்ணுல அப்படியே உக்காந்துட்டா. ரெண்டு கையையும் விரிச்சு, "ச்சூ ச்சூ... வாடா தங்கம்"னா, மெதுவா. குட்டி காதைத் தூக்கிப் பார்த்துச்சு. அப்புறம் தத்தித் தத்தி ஓடி வந்து அவ மடியில விழுந்துச்சு. லாரி விர்ருனு போயிடுச்சு.

அவ வேலப்பனைத் திரும்பிப் பார்த்தா. "உள்ள போங்க"ன்னா. போனான். "கேட்டைச் சாத்துங்க." சாத்தினான்.

ஒரு வாரத்துல சொன்ன பேச்சு கேக்கப் பழகினது யாருன்னு தெரியுதா? சிரிக்காதே, கண்ணை மூடு. கதையும் படுத்தாச்சு, நீயும் படு.