வெட்டிப்பூ கேட்ட மன்னிப்பு

முன்னொரு காலத்தில் மஞ்சணாற்று நாட்டைக் கொற்றவராயன் என்றொரு ராஜா ஆண்டான். அவன் தன் கையால் ஊன்றிய வெள்ளரிக் கொடி காய்க்கவில்லை. வந்த கேடு அவ்வளவுதான். அதற்குள் ஒருத்தியின் வாழ்வே போகப் பார்த்தது.

கொடி என்னவோ நன்றாகத்தான் படர்ந்தது. அரண்மனைக் கொல்லையில் பந்தல் கொள்ளாத பூ. தோட்டம் பார்த்தவள் சடைச்சி. ராஜா தினம் காலையில் வந்து அவளோடு பேசுவான். எரு போதுமா, தண்ணீர் போதுமா, இந்தப் பிஞ்சு எப்போது காயாகும் என்று ஒரு நாழிகை போகும். அத்தனை நேரமும் சபை வாசலில் காத்து நின்ற தளவாய் அம்பலத்தரசுக்கு வயிறு எரியாதா? எரிந்தது.

ஒருநாள் அவரும் கொல்லைக்கு வந்து கொடியைக் குனிந்து பார்த்தார்.

"மகாராஜா, சில பூவுக்குப் பின்னால் விரல்நுனிப் பிஞ்சு இருக்கிறது. மற்றதுக்கெல்லாம் வெறும் காம்பு. அதெல்லாம் வெட்டிப்பூ. உங்கள் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சும்மா சிரிக்கிறது. இவள் சொன்னாளா?"

"கிள்ளி எறி!" என்றான் ராஜா. அவன் அப்படித்தான். உத்தரவு முதலில், யோசனை அப்புறம்.

"சாமி, அது..." என்று வாயெடுத்தாள் சடைச்சி.

"உன்னைக் கேட்டோமா?" என்றார் தளவாய்.

கேட்கவில்லைதான். தினம் விடியலில் தளவாயே வந்து கிள்ளினார். பத்தே நாளில், பிஞ்சோடு பிறந்த பூவெல்லாம் பழுத்துச் சுருங்கி உதிர்ந்தது.

சபையில் ராஜா கத்தினான். "மாசக் கடைசியில் பக்கத்து நாட்டு ராஜா விருந்துக்கு வருகிறான். என் கொல்லை வெள்ளரி போடுகிறேன் என்று ஓலை அனுப்பிவிட்டேன். எங்கே காய்?"

"கைராசி, மகாராஜா," என்றார் தளவாய். "சடைச்சி கை ஆகாத கை. நாட்டைவிட்டு அனுப்பினால்தான் கொடிக்கு விமோசனம்."

"அனுப்பு! அவள் குடிசையையும் பிரித்துப் போடு!"

சபை ஓரத்தில் நின்றிருந்தாள் சடைச்சி. காரணம் அவளுக்குத் தெரியும். சொல்வது எப்படி? கிள்ளச் சொன்னது ராஜா. தப்பு ராஜாவுடையது என்று சபையில் சொன்ன தலை கழுத்தில் தங்குமா? உண்மையை மடியில் முடிந்துகொண்டு வேறு வழியில் போனாள்.

"தளவாய் ஐயா சொல்வது சரிதான் மகாராஜா. என் கை ஆகாது. ஆனால் அந்த வெட்டிப்பூவைக் கிள்ளி எறிந்தது ஒரு தண்டனையா? வலிக்காமல் போய்ச் சேர்ந்தது. உழைக்கிற பூ அதைப் பார்த்து மனசு விட்டுப்போய்ப் பிஞ்சை உதிர்த்துவிட்டது."

ராஜா நிமிர்ந்தான். தண்டனை என்றால் அவனுக்கு வெல்லம். "வேறென்ன செய்யணும்?"

"மன்னிப்புக் கேட்க வைக்கணும். காலையில் பூக்கிற வெட்டிப்பூவைப் பறித்து, இதழை உரித்து, பிஞ்சுப்பூவின் முகத்தோடு முகம் தேய்க்கணும். ஒவ்வொரு பூவிடமும். பதினைந்து நாள்."

"பூ பேசுமா?" என்று சிரித்தார் தளவாய்.

"பேசாது. அதன் சார்பில் ராசியான கைக்காரர் யாராவது பேசணும்." சடைச்சி யாரையும் பார்க்கவில்லை. சபை முழுக்கத் தளவாயைப் பார்த்தது.

"நீயே போ, தளவாய்," என்றான் ராஜா. "பதினைந்து நாளில் காய்க்காவிட்டால், சடைச்சி, நீ எல்லைக்கு அப்பால்."

மறுநாள் விடியல். பட்டு அங்கவஸ்திரத்தோடு தளவாய் சேற்றில் குந்தினார். பூவை உரித்தார். தேய்த்தார். "மன்னித்துக்கொள் தாயே," என்று முணுமுணுத்தார்.

"கேட்கவில்லை!" மாடத்திலிருந்து ராஜா. "உரக்க!"

"மன்னித்துக்கொள் தாயே!"

"இலைக்கு அடியில் ஒருத்தி இருக்கிறாள், விட்டுட்டீங்க ஐயா," என்றாள் வேலிக்கு வெளியே நின்ற சடைச்சி.

மூன்றாம் நாள் வேலியோரம் ஊரே கூடிவிட்டது.

"என்ன தப்புப் பண்ணினாராம்?" என்றாள் மோர்க்காரி.

"தெரியலை. கொடியிடமே இத்தனை மன்னிப்பு என்றால் பெரிசாகத்தான் இருக்கும்," என்றான் பக்கத்தில் நின்றவன்.

சடைச்சி சிரிக்கவில்லை. அவள் கண் பிஞ்சின் மேலேயே இருந்தது. ஐந்தாம் நாள் ஒரு பிஞ்சு உதிராமல் தலை கவிழ்ந்து தடித்தது. அப்போதுதான் மூச்சு விட்டாள்.

பதினைந்தாம் நாள் கொடியெல்லாம் சாண் நீளக் காய். ராஜா ஒன்றைக் கடித்தான். நறுக்கென்றது.

"மன்னிப்புக் கேட்டால் காய்க்குமா சடைச்சி? உண்மையைச் சொல்."

வாயில் வெள்ளரி இருக்கிறவனுக்குக் கோபம் சட்டென்று வராது. அவள் சொல்லிவிட்டாள்.

"அது வெட்டிப்பூ இல்லை மகாராஜா, ஆண்பூ. பிஞ்சோடு வருவது பெண்பூ. ஆண்பூவின் தூள் பட்டால்தான் பிஞ்சு தங்கும். வண்டு பார்க்கிற வேலை அது. மாப்பிள்ளையை எல்லாம் தினம் கிள்ளிப் போட்டுவிட்டுப் பிள்ளை எங்கே என்று கேட்டீர்கள்."

ராஜாவின் முகம் சிவந்தது. பிறகு சிரித்தான். புரையேறும் வரை சிரித்தான்.

"அப்படியானால் தளவாய் இத்தனை நாளும்..."

"வண்டு வேலை பார்த்தார். நல்ல வண்டு."

தளவாய் விடுவாரா? "எப்படியானாலும் காய்த்தது என் கைராசியால்தானே!"

"ஆமாம்," என்றான் ராஜா. "அந்தக் கையை வீணாக்கக் கூடாது. அடுத்து பூசணி, பாகல், சுரை எல்லாம் பூக்கப் போகிறது. நாளை விடியலில் அங்கே போ. அதற்கு முன்னால் சடைச்சியிடம் கேள், மன்னிப்பு. உரக்க."

கேட்டார். கொல்லையைச் சடைச்சி பேருக்கே எழுதிக் கொடுத்தான் ராஜா.

மாசக் கடைசியில் விருந்தாளி ராஜா வந்தான். ஒன்பது காய் தின்றான். "இதைக் காய்க்க வைத்தது யார்?" என்றான்.

கொற்றவராயன் மார்பைத் தட்டிக்கொண்டு வாயைத் திறந்தான். தளவாயும் திறந்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒரே குரலில் சொன்னார்கள்:

"சடைச்சி."