ஓர் அலகு மண்

மலைக்காட்டில் இருவாச்சிப் பறவைகள் கூடு கட்டுவதில்லை. பெண் பறவை பெரிய மரத்தின் பொந்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வாசலை மண்ணால் பூசி அடைத்துவிடுவார்கள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் இருக்கும். உள்ளே இருப்பவளின் இறகுகள் உதிர்ந்துவிடும். அவை மறுபடி முளைக்கும்வரை வெளியே இருக்கும் துணைதான் தொண்டையில் பழம் அடக்கிக் கொண்டுவந்து ஊட்ட வேண்டும்.

அந்தச் சுவர் பூசுவதுதான் அவர்களுக்குக் கல்யாணம். கூட்டம் முழுவதும் வரும். ஒவ்வொருவரும் ஓர் அலகு மண் வைப்பார்கள். கூட்டம் மண் வைத்த சுவருக்கு ஓர் உரிமை உண்டு. வெளியே போன துணை திரும்பி வராவிட்டால், உள்ளே இருப்பவளுக்கு எல்லோரும் முறைபோட்டுப் பழம் ஊட்டுவார்கள். பொந்தும் அவளுக்கே. கூட்டம் மண் வைக்காத சுவர் என்றால், பழமும் கிடையாது, பொந்தும் தலைவருக்குப் போய்விடும்.

மஞ்சியும் கருக்கியும் இரண்டு பெண் பறவைகள். ஒரு வெடிப்பலா மரத்துப் பொந்தில் சேர்ந்து வாழ்ந்தார்கள். அவர்களுடைய சுவருக்கு மண் வைக்க யாரும் வரவில்லை. அவர்களே பூசிக்கொண்டார்கள். கருக்கி உள்ளே போவாள், மஞ்சி ஊட்டுவாள். அப்படியே சில பருவங்கள் போயின.

இந்தப் பருவம் கருக்கியின் இறகுகள் உதிர்ந்த பிறகு, ஒரு புயல்காற்றில் மஞ்சியின் இடது சிறகு பிசகிவிட்டது. பறக்க முடிந்தது, முன்போல் முடியவில்லை. பக்கத்து அத்தி மரங்களும் பழுத்து ஓய்ந்துவிட்டன. பழத்துக்குப் பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்மலைக்குப் போக வேண்டியிருந்தது.

"ஒருநாள் நான் வராமப் போயிட்டா என்னடி செய்வே?" என்று கீறல் வழியாகக் கேட்டாள் மஞ்சி.

"பசியோட இருப்பேன். வேற என்ன செய்ய!"

"விளையாடாதே."

"அப்ப போய்க் கேளு. ஆளுக்கு ஓர் அலகு மண்தானே! மலையையா கேக்கிறோம்?"

மஞ்சி போய்க் கேட்டாள்.

இருவாச்சிகள் பட்டுப்போன ஒரு மரத்தில் கூடுவார்கள். உச்சிக் கிளை கூட்டத்தின் தலைவர் மகுடத்தாருடையது. தலைமேல் இருந்த மஞ்சள் மகுடம் மற்றவர்களுடையதைவிடப் பெரிது என்பதால் அந்தப் பெயர். அவர் மனைவி இருந்த பொந்து போக, அவருக்கு இன்னும் இரண்டு பொந்துகள் இருந்தன. இரண்டும் காலி. யாரும் அருகில் போகக் கூடாது.

"ரெண்டும் பொண்ணா இருந்தா அது எப்படி ஜோடியாகும்?" என்றார் ஒருவர்.

"சுவருக்குள்ள முட்டை இல்லையே! முட்டை இல்லாத வீட்டுக்கு ஊர் எதுக்குப் பழம் ஊட்டணும்?" என்றார் இன்னொருவர்.

"போன பருவம் உங்க அத்தைகூடத்தான் முட்டை இடலை. முறைபோட்டு ஊட்டினோமா இல்லையா?" என்று கேட்டாள் ஒரு கிழப்பறவை.

"அத்தை விஷயம் வேற!"

"எப்படி வேற?"

"அது அத்தை!"

எல்லோரும் சிரித்தார்கள். மஞ்சியும் சிரித்தாள். பேச்சு மறுநாளும் நடந்தது. அதற்கு மறுநாளும் நடந்தது. பாதிப் பேர் மஞ்சிக்காகப் பேசினார்கள். சிலர் மிக நன்றாகவே பேசினார்கள். பேசி முடித்ததும் தங்கள் பேச்சு எப்படி இருந்தது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு பறந்து போனார்கள். மஞ்சி நொண்டிச் சிறகோடு எதிர்மலைக்குப் போனாள்.

மகுடத்தார் கூட்டத்தில் அதிகம் பேசவில்லை. கூட்டம் கலைந்ததும், பொந்து கிடைக்காமல் மழையில் நனைந்துகொண்டிருந்த இளவட்டங்களின் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"உங்களுக்கெல்லாம் ஏன் பொந்து கிடைக்கலைன்னு என்னைக்காவது யோசிச்சீங்களா, தம்பிகளா?" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லாமல் போய்விட்டார்.

அந்த இளவட்டங்களில் ஒருவன் சில்லன். இரண்டு பருவமாகப் பொந்து தேடுகிறான். பொந்து இல்லாததால் பெண்ணும் கிடைக்கவில்லை. மறுநாள் கூட்டத்தில் அவன் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

"எங்க பொந்தை அவங்க அடைச்சு வச்சிருக்காங்க! நாங்க நனையறோம்! வழக்கத்தைக் காப்பாத்துங்க!"

"காப்பாத்துங்க!" என்றார்கள் மற்ற இளவட்டங்கள்.

மஞ்சி அவனைப் பார்த்தாள். "தம்பி, அது நாங்க கண்டுபிடிச்ச பொந்து. காலியாக் கிடக்கிற பொந்துங்க வேற இருக்கு. யாரோடதுன்னு உனக்கே தெரியும்."

சில்லனுக்குத் தெரியும். ஆனால் கத்துவது நின்றால் குளிர் தெரியும். அதனால் கத்தினான்.

கடைசியில் மகுடத்தார் தீர்ப்புச் சொன்னார். "நாம யாருக்கும் எதிரி இல்லை. ஆனா முறைன்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு பேரும் நேர்ல வந்து கேக்கணும். உள்ளே இருக்கிறவளையும் கூட்டிட்டு வா!"

"அவ எப்படி வருவா ஐயா? இறகு இல்லையே! சுவரை உடைக்கணுமே!"

"அது உங்க பாடு."

"சுவரை உடைச்சிட்டா அப்புறம் எந்தச் சுவருக்கு மண் வைப்பீங்க?"

"முதல்ல வரட்டும்!" என்றார் மகுடத்தார். முறை சரிதான் என்று பலரும் தலையாட்டினார்கள்.

மஞ்சி திரும்பி வந்து சொன்னதும் கருக்கி உள்ளே சத்தமாகச் சிரித்தாள். பிறகு கேட்டாள், "சாப்பிட்டியாடி நீ?"

"வழியில சாப்பிட்டேன்."

"பொய்."

"உனக்குக் கொண்டு வர்றதுக்கே தொண்டை பத்தலை."

மறுநாள் எதிர்மலையில் ஒரே அத்தி மரத்தில் மஞ்சியும் சில்லனும் பழம் பறித்தார்கள். தொண்டை நிறையப் பழத்தோடு மஞ்சி கிளம்பினாள். பள்ளத்தாக்கின் நடுவில் காற்று அவளைப் புரட்டியது. இடது சிறகு விரியவில்லை. பாறைமேல் விழுந்தாள். எழவில்லை.

சில்லன் பார்த்தான். நேராக மகுடத்தாரிடம் பறந்தான்.

"ஐயா, மஞ்சி போயிட்டா. அந்தப் பொந்து..."

"எனக்குச் சேரும். அதுதானே வழக்கம்."

"எனக்குத் தருவீங்கன்னு நெனைச்சேன்!"

"நான் அப்படிச் சொன்னேனா?"

சில்லன் யோசித்தான். அவர் சொல்லவில்லை.

"உங்களுக்கு எதுக்கு ஐயா? ஏற்கெனவே ரெண்டு காலியா இருக்கே!"

"பசங்க வருவாங்க."

"அவங்க இன்னும் முட்டையிலதானே இருக்காங்க!"

"வருவாங்கல்ல?" என்றார் மகுடத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

திரும்பும் வழியில் சில்லன் வெடிப்பலா மரத்தில் உட்கார்ந்தான். எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை. களைப்பாக இருந்தது.

"மஞ்சியா?" என்றது கீறல்.

"சில்லன்."

"கூட்டத்துல கத்தினியே, அந்தச் சில்லனா?"

"ஆமா."

"இங்கவரைக்கும் கேட்டுச்சு. மஞ்சி எங்கே?"

அவன் சொன்னான். மழை பிடித்துக்கொண்டது. பிறகு கீறலில் அலகு நுனி தெரிந்தது.

"உன் தொண்டையில இருக்கிறது அவ பறிச்ச பழமா?"

"இல்லை. நான் பறிச்சது."

"சரி. குடு."

அன்றிலிருந்து சில்லன்தான் ஊட்டினான். மஞ்சிக்காக அழகாகப் பேசியவர்கள் யாரும் வரவில்லை. அவர்கள் இப்போது வேறு ஒரு வழக்கைப் பேசிக்கொண்டிருந்தார்கள். கருக்கிக்கு இறகுகள் முளைத்தன. ஒருநாள் காலையில் அலகால் சுவரைக் குத்தி உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். நேராகப் பட்டுப்போன மரத்துக்குப் போனாள்.

"நேர்ல வரச் சொன்னீங்களாமே. வந்திருக்கேன். என் பொந்து எனக்கு வேணும்!"

"வாம்மா, வா!" என்றார் மகுடத்தார். "இப்பதான் முறைப்படி வந்திருக்கே. கேக்கலாம். எங்கே சுவர்?"

"உடைச்சிட்டுத்தானே வந்தேன்!"

"எங்கே துணை?"

கருக்கி பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"சுவரும் இல்லை, துணையும் இல்லை. எதுக்குன்னு மண் வைக்கிறது?" என்றார் மகுடத்தார். அவர் குரலில் கோபமே இல்லை. பொந்து அவர் பக்கம் போனது.

அன்று மாலை பெருமழை. இலையில்லாத ஒரு கிளையில் கருக்கி நனைந்துகொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளிச் சில்லனும் நனைந்துகொண்டிருந்தான். எதிரே மகுடத்தாரின் மூன்று பொந்துகள் ஈரம் படாமல் காலியாக இருந்தன.

நிறைய வைத்திருப்பவர்கள், ஒன்றும் இல்லாதவனை ஒன்றே ஒன்று வைத்திருப்பவள்மேல் ஏவிவிட்டு, அந்தச் சண்டைக்கு வழக்கம் என்று பெயர் வைப்பார்கள்.