மூன்று மணி வகுப்பு எப்போது தொடங்கியது?

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு வகுப்பு என்று சொன்னால் நீங்கள் எத்தனை மணிக்குப் போவீர்கள்? இதென்ன கேள்வி என்று சிரிக்க வேண்டாம். கரூர்ப் பக்கம் ஒரு தையல் கூடத்தில் இதற்குப் பதில் தெரியாமல் எல்லோருக்கும் மண்டை காய்ந்துபோனது.

கூடத்து முதலாளி நல்லசாமிக்கு வெளிநாட்டிலிருந்து போன் வரும். மேசைவிரிப்பு எப்போது தைக்கத் தொடங்குவீர்கள், எப்போதிலிருந்து தைக்கிறீர்கள், எப்போது முடியும் என்று ஆங்கிலத்தில் குடைவார்கள். பதில் சொல்ல ஒரு பெண் வேண்டும். தைக்கிற பெண்களில் வேதவல்லி, மல்லிகேஸ்வரி, ஜெசிந்தா மூவரும் அந்த வேலையைக் கேட்டார்கள். மூவருக்கும் ஒரே படிப்புதான். வேதவல்லிக்கு மட்டும் முழங்கால் தேய்ந்து, இனி மிஷின் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த வேலை இல்லையென்றால் அவள் வீட்டோடு முடங்க வேண்டியதுதான். பாவம்தான், ஆனால் பாவம் பார்த்துச் சொன்னால் அது விடையாகாது.

நல்லசாமி ஒரு வழி கண்டுபிடித்தார். "டவுன்ல இருந்து இங்கிலீஷ் வாத்தியார் வர்றார். செவ்வாய்க்கிழமை மூணு மணிக்குக் கிளாஸ். ஆரம்பிக்கும்போது யார் உள்ளே இருக்கீங்களோ அவங்களுக்கு வேலை. ஒருத்தருக்கு மேல இருந்தா சீட்டுக் குலுக்கிக்கலாம்."

செவ்வாய் மூன்று மணிக்கு ராகு காலம் என்பதை மனுஷன் மறந்துவிட்டார். அவர் மனைவி பூங்கோதை மறப்பாரா? அந்தக் கூடத்தில் ராகு காலத்தில் எந்த மிஷினும் புதுத் துணியைத் தொடாது. அவசரம் என்றால் முன்னாலேயே ஒரு தையல் ஓட்டி நிறுத்திவிடுவார்கள். வேலை தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மீதியெல்லாம் நாலரைக்கு மேல்.

வாத்தியார் எட்வின் இரண்டரைக்கே வந்து சேர்ந்தார். பூங்கோதை சூடம் ஏற்றி, "ஒரே ஒரு வரி எழுதிப் போட்டுட்டு நிறுத்திக்கங்க சார்" என்றார். அவரும் வகுப்பறை போர்டில் 'கிளாஸ் ஸ்டார்ட்ஸ் அட் த்ரீ ஓ கிளாக்' என்று எழுதினார். வழக்கம் தெரிந்து முன்னாலேயே வந்திருந்த மல்லிகேஸ்வரி அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, பிள்ளைக்குப் பால் கொடுக்க வீட்டுக்குப் போனாள். வாத்தியாரை டீக்கடைக்கு அனுப்பிவிட்டார்கள்.

மூன்று மணிக்கு வேதவல்லி வந்தாள். ராகுவாவது கேதுவாவது, முதலாளி சொன்ன நேரம் அதுதான். அறையில் ஈ காக்கை இல்லை. முழங்காலை நீவிக்கொண்டு, வாசலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுவில் வாத்தியார் தலையை நீட்டி, "நான் ரெடிம்மா, அவங்கதான் விட மாட்டேங்கறாங்க" என்று அலுத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

நாலரைக்கு ஜெசிந்தா நிதானமாக வந்தாள். மல்லிகேஸ்வரியும் திரும்பி வந்தாள். அப்போதுதான் பாடம் நடந்தது. பாடம் முடிந்ததும் சண்டை.

"சூடம் ஏத்துனப்ப நான் மட்டும்தானுங்க இருந்தேன்" என்றாள் மல்லிகேஸ்வரி.

"சூடத்துக்கா பாடம் எடுத்தாரு? நாலரைக்குத்தான் வாயே திறந்தாரு. மூணு பேரும் இருந்தோம், சீட்டைக் குலுக்குங்க" என்றாள் ஜெசிந்தா.

"அப்ப நான் மூணு மணியிலிருந்து இங்க ஈ ஓட்டிட்டு இருந்தனா?" என்று வெடித்தாள் வேதவல்லி.

நல்லசாமி தலையில் கை வைத்தார். "சார், எது எப்ப ஆரம்பிச்சுதுன்னு பேசக் கத்துக்குடுக்கத்தானே வந்தீங்க? நீங்களே சொல்லுங்க."

"நேரத்தைச் சொன்னா இங்கிலீஷ்ல நான் சொல்லித் தர்றேங்க. உங்க கூடத்துல நேரமே மூணு இருக்குதே!" என்றார் வாத்தியார்.

நீங்கள் சொல்லுங்கள். வேலை யாருக்குப் போக வேண்டும்?

விடை: வேதவல்லிக்கு. மல்லிகேஸ்வரி கூடத்து வழக்கத்துக்கு வந்தாள், ஜெசிந்தா பாடத்துக்கு வந்தாள். சொன்ன சொல்லுக்கு வந்தவள் வேதவல்லி ஒருத்திதான். மூன்றுக்குத் தொடங்காதது கூடத்தின் தப்பு. அந்த நஷ்டத்தை, சொன்னபடி வந்தவள் தலையில் கட்ட முடியாது. அதோடு, போனில் மூன்று மணி என்று கேட்கிறவனுக்கு நம் சூடமும் தெரியாது, ராகுவும் தெரியாது. நல்லசாமியும் இதைத்தான் சொன்னார். பூங்கோதை முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேலை கிடைத்தவள் சிரிக்கக்கூட இல்லை. நேராக வாத்தியாரிடம் போனாள்.

"சார், மூணு மணிக்குன்னு சொல்லிட்டு இவங்க நாலரைக்குத் தொடங்கினா திட்டு எனக்குத்தான் விழும். அதை போன்ல கேக்கறவங்க கோவிச்சுக்காத மாதிரி இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றதுன்னு மொதல்ல கத்துக்குடுங்க."