இடது சீட்டு பிரேக்

"மோத விட்டதில்லீங்க சாமி. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு ஆளைக்கூட மோத விட்டதில்ல. இத்தனை நாளா என்ன பண்ணுனேன்னு கேட்டீங்கல்ல, இதைத்தான் பண்ணுனேன்."

வையாபுரிக்கு அம்பத்தி நாலு வயசு. பெருந்துறையில ஒரு டிரைவிங் ஸ்கூல்ல கார் ஓட்டக் கத்துக் குடுக்கற ஆளு. எதிர்ல பாயில உக்காந்திருந்த சாமிக்கு முப்பத்தெட்டு. அரிசி ஆலைக்குப் பின்னால ஒரு வாடகை வீடுதான் மடம். வாரத்துக்கு ஒருக்கா வையாபுரி அங்க வந்து உக்காருவாரு.

காவி கட்டறதுக்கு முன்னால சாமி இவருகிட்டத்தான் கார் பழகுனாரு. மூணு தடவை டெஸ்ட்டுக்குப் போயி மூணு தடவையும் பெயிலு. இன்னிக்கும் இவரு அவரைச் சாமிங்கறாரு, அவரு இவரை மாஸ்டருங்கறாரு. ரெண்டு பேருல யாரு குருன்னு மடத்துல யாரும் கேட்டதில்ல.

"ஸ்கூலை மூடறாங்க. இந்த மாசக் கடைசியோட. ஓனரு பையனுக்கு இஷ்டமில்லீங்களாம். இப்பல்லாம் கியர் இல்லாத வண்டி. நாலு நாள் போன்ல வீடியோ பாத்துட்டு அஞ்சாம் நாள் ரோட்டுக்கு வந்துடறாங்க."

"சரி."

"தெய்வானைன்னு ஒரு புள்ள, எங்கிட்டப் பழகுனவதான். இப்ப மூணு வேன் வெச்சிருக்கா. டிரைவரு ஒருத்தரு வேலையை விட்டு நின்னுட்டாரு, நீங்க வந்து ஓட்டுங்க மாஸ்டருங்கறா. இன்னிக்கே ஒரு பார்ட்டியைக் கோயமுத்தூர் ஏர்போர்ட்டுல விடோணுமாம். நாலு மணிக்கு இந்த வழியா வருவா. பதில் சொல்லலீன்னா வேற ஆளைப் போட்டுக்குவா."

"என்ன பதில் சொல்லப் போறீங்க?"

"அதைக் கேக்கத்தானுங்க வந்தேன்."

சாமி சுவத்துக் கடிகாரத்தைப் பாத்தாரு. மூணரை.

"வண்டி இருக்குதா?"

"வாசல்ல நிக்குதுங்க. பேங்க் மேனேஜரம்மா கிளாஸு. அவங்கதான் ஓட்டிட்டு வந்தாங்க. எதிர்க்கடையில டீ குடிக்கறாங்க."

"வாங்க. பவானி ரோட்டுல ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

சாமி துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு, பின் சீட்டுல ஏறிக் கதவைச் சாத்துனாரு.

வையாபுரி காரைச் சுத்தி வந்தாரு. இடது பக்கத்துக் கதவைத் தொறந்து உக்காந்தாரு. பெல்ட்டு போட்டாரு. தனக்குன்னு ஒட்டி வெச்சிருந்த குட்டிக் கண்ணாடியைத் திருப்பிச் சரி பண்ணுனாரு. வலது கால் தானா, கத்துக் குடுக்கறவருக்குன்னு அந்தப் பக்கம் வெச்சிருந்த பிரேக்குக்குப் போச்சு.

"கண்ணாடி பாருங்க. நியூட்ரலான்னு பாருங்க. கிளட்ச்சை..."

வலது பக்கத்து சீட்டு காலியா இருந்துச்சு. ஸ்டீயரிங் மேல வெயில் விழுந்து கெடந்துச்சு.

ரோட்டுல ஒரு மொபெட் போச்சு.

சாமி சிரிக்கல. சிரிச்சிருந்தா தேவலைன்னு வையாபுரிக்குத் தோணுச்சு.

"கடைசியா எப்ப ஓட்டுனீங்க, மாஸ்டர்?"

வையாபுரி விரலை மடக்கி எண்ணிப் பாத்தாரு.

"காலையில ஷெட்டுல இருந்து மொதல் பேட்ச் பசங்களே வண்டியை எடுத்துக்கறாங்க. சாயங்காலம் கடைசி பேட்ச் பசங்க கொண்டாந்து விட்டுர்றாங்க."

"உம்."

"லைசென்சை மட்டும் தவறாம ரினிவல் பண்ணியிருக்கறனுங்க."

வையாபுரி குட்டிக் கண்ணாடியில பின்னால பாத்தாரு.

"பஸ் கம்பெனில ஒருக்கா கூப்பிட்டாங்க. பொண்ணு சின்னவளா இருக்கறான்னு போகல. இப்ப அவளுக்கே ரெண்டு பசங்க. தெய்வானை மொத வேன் வாங்கறப்ப, சேந்து வாங்கலாம் மாஸ்டர்னா. எட்டு வருஷமாச்சு. காலம் சரியில்ல, பொறு அம்மிணின்னேன்."

"பொறுத்தாங்களா?"

"இல்லீங்க."

"காலம் சரியாச்சா?"

"அதுவும் இல்லீங்க."

சாமி கதவுக் கண்ணாடியை எறக்கி விட்டாரு. ஆலைப் பக்கமிருந்து தவிட்டு வாசம் வந்துச்சு.

"நான் எதுல பெயிலானேன், மாஸ்டர்?"

"கிளட்ச்சு. உங்களுக்குக் கிளட்ச்சு வராதுங்க."

"பிரேக்கு. நான் மிதிக்கறதுக்கு முந்தி நீங்க மிதிச்சிருவீங்க. மூணு மாசம் நான் நல்லா ஓட்டறேன்னு நெனச்சுட்டிருந்தேன். டெஸ்ட்டன்னிக்கு உங்க சீட்டுல இன்ஸ்பெக்டரு. அவரு மிதிக்கல."

"தார் டிரம்முல மோதிட்டீங்க."

"மூணு தடவை."

"இந்த பிரேக்கு விஷயத்தை எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே."

"மோத விட்டதில்ல, மோத விட்டதில்லன்னு வாரா வாரம் வந்து சொல்லிட்டிருந்தீங்க. எப்படிச் சொல்றது?"

வையாபுரி முன்னால ரோட்டையே பாத்தாரு.

"தெய்வானை எப்படிக் கத்துக்கிட்டாங்க?" சாமி கேட்டாரு.

வையாபுரி பெல்ட்டை இழுத்துச் சரி பண்ணுனாரு.

"எனக்கு டைபாய்டு. பத்து நாள் வரல. ஓனரு அசந்த நேரத்துல வண்டியை அவளே எடுத்துட்டுப் போயிருக்கா. தெனமும்."

"வந்து என்ன சொன்னீங்க?"

"இனி இந்தப் பக்கமே வராதேன்னேன்."

சாமி முன்னால சாஞ்சு, ரெண்டு சீட்டுக்கும் நடுவுல தலையை நீட்டுனாரு.

"வண்டி ஓடுதா, நிக்குதா?"

"நிக்குதுங்க. எஞ்சினே போடலியே."

"அப்ப அது?"

சாமி காட்டுன எடத்தை வையாபுரி பாத்தாரு. டிரைவர் சீட்டுக்குக் கீழ. அந்தப் பக்கத்து பிரேக்கும் இந்தப் பக்கத்து பிரேக்கும் ஒரே கம்பியில கட்டுனது. இங்க மிதிச்சா அங்கயும் எறங்கும். ஆளே இல்லாத எடத்துல பெடல் அடி வரைக்கும் அமுங்கிக் கெடந்துச்சு.

ஏறி உக்காந்ததுல இருந்து மிதிச்சிட்டே இருந்திருக்காரு. கெண்டைக்கால் மரத்துப் போயிருந்துச்சு. எப்ப இருந்துன்னு அவருக்கே தெரியல.

பின்னால ஹாரன் சத்தம். வெள்ளை வேன் ஒண்ணு வந்து நின்னுச்சு, எஞ்சினை நிறுத்தல. மணி நாலாகறதுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்துச்சு. தெய்வானைக்கு எப்பவுமே பொறுமை கெடையாது.

"மாஸ்டர், பார்ட்டி ரெடியா நிக்கறாங்க. வரீங்களா, வேற ஆளைக் கூப்பிடட்டுமா?"

வையாபுரி பெல்ட்டைக் கழட்டுனாரு. கழட்டிட்டுக் கையில பிடிச்சுட்டே இருந்தாரு.

"இதை எட்டு வருஷத்துக்கு முந்தியே சொல்லியிருக்கலாமுங்க, சாமி."

"அப்ப நான் டிரம்முல மோதிட்டிருந்தேன்."

"மேனேஜரம்மாவுக்குப் பாதி கிளாஸு பாக்கி."

"நான் சொல்லிக்கறேன்."

"மாஸ்டர்," மறுபடியும் குரல் வந்துச்சு.

"வரேன் அம்மிணி."

வையாபுரி காலை எடுத்தாரு. ஆளில்லாத பக்கத்துல பெடல் மெல்ல மேல வந்துச்சு.

அது முழுசா மேல வர்ற வரைக்கும் பாத்துட்டு, எறங்கிப் போனாரு.